இரண்டாவது அதிர்வு

கவரைப்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் பின்புறம், சவுக்குத் தோப்பை ஒட்டி, பத்துக்குப் பத்தில் ஓர் அறை இருக்கிறது. அறைக்குள் ஆறடிப் பள்ளம். பள்ளத்தின் அடியில் கான்கிரீட் மேடை போட்டு, அதன்மேல் குக்கர் அளவில் ஒரு கருவியை உட்கார்த்தியிருக்கிறார்கள். நிலம் அசைந்தால் பதிவு செய்யும் கருவி. சிவில் துறைத் தலைவர் பராசரன் மூன்று வருடம் மனு மேல் மனு எழுதி வாங்கியது. அதைப் பார்த்துக்கொள்வது ஆய்வக உதவியாளர் கவிப்பிரியாவின் வேலை.

அப்படிப்பட்ட கருவிக்கு அது நல்ல இடமே இல்லை. ஒரு பக்கம் ரயில் பாதை, ஒரு பக்கம் லாரிகள் ஓயாத நெடுஞ்சாலை, கொஞ்ச தூரத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு ஆலைகள். திரையில் கோடு நாள் முழுக்க நடுங்கிக்கொண்டேயிருக்கும். இந்தச் சில்லறை நடுக்கங்களையெல்லாம் கணினியில் வடிகட்டிவிட்டு, அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க கவிப்பிரியா பழகியிருந்தாள். பெரும்பாலும் எதுவும் இருக்காது.

அவள் கணவன் ஏழுமலை பர்மாவில் இருந்தான். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒரு குப்பத்தில், மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் கடலுக்குப் போகவில்லை. அத்திப்பட்டில் அனல்மின் நிலையக் கட்டட வேலை நடந்தபோது கம்பி கட்டப் போனவன், பத்து வருடத்தில் மேஸ்திரி ஆகிவிட்டான். மண்டலே நகரத்தில் ஏழு மாடி ஓட்டல் கட்டும் வேலைக்கு சென்னைக் காண்டிராக்டர் ஒருவர் அவனையும் இன்னும் நாலு பேரையும் அனுப்பி எட்டு மாதம் ஆகியிருந்தது.

அவன் கிளம்புவதற்கு முந்தின வாரம் கவிப்பிரியா ஒரு வரைபடத்தைக் காட்டினாள். பர்மாவின் நடுவே வடக்கு தெற்காக ஒரு சிவப்புக் கோடு ஓடியது.

"இதான் சகைங் பிளவு. இந்தாண்ட கீற நிலம் வடக்கால போயிக்கினே கீது. அந்தாண்ட கீறது கூடப் போவல. நீ போற ஊரு அந்தக் கோட்டாண்டயேதான் கீது."

"எவ்ளோ வேகம் போவுது?"

"வருசத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர்."

ஏழுமலை சிரித்துவிட்டான். "நம்ம முகத்துவாரம் அதவிட வேகமா நவுருதே. போன வருசம் போட் வுட்ட எடத்துல இந்த வருசம் மண்ணு கீது."

"சிரிக்காத. நவுந்துக்கினே இருந்தா ஒண்ணும் இல்ல. மேல ரெண்டு பக்கமும் ஒண்ண ஒண்ணு கவ்விக்கினு நின்னுடும். அடியில தள்ளிக்கினே இருக்கும். நீ கம்பிய வளைச்சிப் புடிக்கிற இல்ல, அந்த மாதிரி. நூறு வருசமா வளைஞ்சது ஒரு நிமிசத்துல விட்டுடும்."

"எப்போ வுடும்?"

"அது யாருக்கும் தெரியாது. எந்த மெஷினும் சொல்லாது."

"அப்போ இத்த தெரிஞ்சிக்கினு நான் இன்னா பண்ணணும், சொல்லு."

அவள் வரைபடத்தை மூடிவிட்டு அவன் சட்டைகளை மடிக்கப் போனாள். அப்புறம் வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

2025 மார்ச் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. பள்ளத்தில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே வந்த கவிப்பிரியா திரையைப் பார்த்தாள். கோடு துள்ளிக்கொண்டிருந்தது. ரயில் வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மெலியும். இது வெட்டினாற்போல வந்திருந்தது. வடிகட்டிப் பார்த்தாள். அப்போதும் போகவில்லை.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். எங்கோ ஓர் இடத்தில் பூமி உடைந்திருக்கிறது. உடைந்த இடத்திலிருந்து இரண்டு விதமான அலைகள் ஒன்றாகப் புறப்படும். பாறையை நெட்டித் தள்ளிக்கொண்டு ஓடுகிற அலை முந்திக்கொண்டு வரும். பாறையைப் பக்கவாட்டில் உதறுகிற அலை பின்தங்கி வரும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணி மழை எவ்வளவு தூரத்தில் பெய்கிறது என்று சொல்கிறோமே, அதே கணக்குத்தான். இரண்டு அலைக்கும் நடுவிலிருக்கும் நேரம்தான் தூரம். முதலாவது வந்துவிட்டது. இரண்டாவதுக்காக அவள் காத்திருந்தாள்.

இரண்டு நிமிடம் ஆனது. அந்தமானாக இருந்தால் இந்நேரம் வந்திருக்க வேண்டும். இரண்டரை. மூன்று. மூன்றே கால் நிமிடம் ஆனபோது கோடு மறுபடி எகிறி, திரையின் மேலும் கீழும் தொட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர்.

தூரம் தெரிந்துவிட்டது. திசை தெரியவில்லை. சுவரில் ஆசியா படம் மாட்டியிருந்தது. பென்சிலில் நூல் கட்டி, கவரைப்பேட்டையை நடுவாக வைத்து அவள் ஒரு வட்டம் இழுத்தாள். வட்டம் தென்கிழக்கில் சுமத்ரா தீவின் வடமுனை வழியாகப் போனது. வடகிழக்கில் மண்டலே வழியாகப் போனது.

சுமத்ரா என்றால் கடல் எழும்பலாம். இரண்டாயிரத்து நான்கில் எழும்பி வந்தது அந்தப் பக்கமிருந்துதான். குப்பத்தில் மாமியார் இருக்கிறாள், மச்சாண்டார் குடும்பம் இருக்கிறது, முந்நூறு வீட்டு ஜனம் இருக்கிறது. மண்டலே என்றால் ஏழுமலை இருக்கிறான். இரண்டில் எது என்று வேண்டிக்கொள்வது? அப்படி ஒரு கேள்வி மனதில் வந்ததே அவளுக்குக் கூசியது. எதை வேண்டிக்கொண்டாலும் அது நடந்து முடிந்து ஏழெட்டு நிமிடம் ஆகிவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. திரையில் வருவது பழைய செய்தி.

கிழக்கு மேற்கு அசைவுக்கு ஒரு கோடு, வடக்கு தெற்குக்கு ஒரு கோடு, மேலும் கீழுமான அசைவுக்கு ஒரு கோடு என்று மூன்று கோடுகள் உண்டு. முதல் துள்ளலை மூன்றிலும் பெரிதாக்கிச் சேர்த்துப் பார்த்தாள். அலை வடகிழக்கிலிருந்து வந்திருந்தது.

போனை எடுத்து ஏழுமலையைக் கூப்பிட்டாள். மணி சரியாகப் பன்னிரண்டு. ரிங் போயிற்று. முழுக்க அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் முழுக்க அடித்து நின்றது. மூன்றாவது தடவை ரிங்கே போகவில்லை.

அதற்குள் பராசரன் ஓடி வந்தார். திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர், நெற்றியில் திருமண் கலையாமல் இருக்கும். எப்போதும் அதிர்ந்து நடக்காதவர் அன்றைக்கு மூச்சு வாங்க நின்றார்.

"பாத்தியாம்மா? நெட்ல ரிக்டர் ஏழுக்கு மேல போட்டிருக்கான். மியான்மர். நம்ம கருவி வந்தப்புறம் இவ்ளோ பெருசு இதான் முதல் தடவை. டேட்டா முழுசா விழுந்திருக்கா?"

"விழுந்திருக்கு சார்."

அவள் கையில் போனைப் பார்த்தார். சுவரில் வட்டத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஏம்மா... உங்க ஆத்துக்காரர் அங்கதானே இருக்கார்?"

"மண்டலே சார்."

பராசரன் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் திரையில் கோடு பெரிது பெரிதாக அலைந்துகொண்டிருந்தது. பூமியின் மேல்தோலோடு ஊர்ந்து வருகிற மெதுவான அலைகள் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தன. மண்டலேயைக் கடந்து, கடலுக்கு அடியில் தவழ்ந்து வந்து, இவர்கள் கால்களுக்குக் கீழேயும் போய்க்கொண்டிருந்தன. கவிப்பிரியாவுக்கு எந்த அசைவும் தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலில் தண்ணீர்கூட ஆடவில்லை.

மதியம் ஒரு மணிக்கு அவள் போன் அடித்தது. ஏழுமலையின் அண்ணன் மணவாளன். பின்னால் ஒரே கூச்சல்.

"கவி, கடலு வருமா? டிவில பூகம்பம்னு போட்டுக்கினே கீறான். மியான்மராம். இங்க எல்லாம் மூட்டை கட்டிக்கினு ரோட்டுக்கு ஓடிக்கினு கீதுங்கோ. போட்டெல்லாம் அப்படியே கெடக்குது. அம்மா ஊட்ட வுட்டு வர மாட்டேன்னு உக்காந்துக்கினு கீது. சொல்லு, வருமா வராதா?"

"வராது மாமா."

"நெஜமா?"

"நெஜமாத்தான். இது நடு நிலத்துல உடைஞ்சது, கடல்ல இல்ல. அதுவும் மேல தூக்கல. ரெண்டு பக்கமும் ஒண்ண ஒண்ணு ஒரசிக்கினு பக்கவாட்டுல போயிருக்குது. கடலடி நிலம் தூக்கினாத்தான் தண்ணி எழும்பும். யாரும் ஓட வேணாம்னு சொல்லு."

மணவாளன் போனைக் காதிலிருந்து எடுத்துக் கத்தினான். "வராதாம்! கவி சொல்லிட்சி, வராதாம்! திரும்புங்கோ!" அந்தப் பக்கம் கூச்சல் மெல்ல அடங்குவது அவளுக்குக் கேட்டது. ஒரு குழந்தையை யாரோ அதட்டினார்கள். ஒருத்தி சிரித்தாள்.

"நல்லா இருப்ப கவி" என்றான் மணவாளன். "நீ மட்டும் இல்லன்னா இன்னிக்கி பெரிய பேஜாராப் போயிருக்கும்."

"மாமா."

"சொல்லு."

"மியான்மர்னா பர்மாதான் மாமா."

அந்தப் பக்கம் காற்று மட்டும் இரைந்தது. பிறகு, "நம்ம ஏழுமலை கீற ஊருக்கும் அதுக்கும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டான்.

"பக்கம்தான்" என்றாள் கவிப்பிரியா.

பொன்னேரி போய் பழவேற்காடு பஸ் பிடித்து அவள் குப்பத்துக்கு வந்தபோது நாலு மணி. மூட்டைகள் வீட்டுக்குள் திரும்பிவிட்டிருந்தன. ஆட்கள் போட்டை மறுபடி தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வழியில் பார்த்த இரண்டு பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னா மாதிரியே கடலு வரலம்மா" என்றார்கள். அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் கையை விட்டார்கள்.

மாமியார் செங்கம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பழவேற்காடு மார்க்கெட்டில் இறால் விற்கிறவள். இருபது வருடத்துக்கு முன் புருஷனைக் காய்ச்சலில் இழந்து, இரண்டு பிள்ளைகளையும் தனியாக வளர்த்தவள். அதிகம் பேசமாட்டாள். மருமகளைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள்.

"கடலு வராதுன்னு சொன்ன, வரல" என்றாள். "அதே மாதிரி எம்புள்ளைக்கி ஒண்ணும் ஆவலன்னு சொல்லு."

கவிப்பிரியா வாயைத் திறந்தாள். கடலைப் பற்றிச் சொல்வதற்குப் பாறையும் ஆழமும் திசையும் கைகொடுத்தன. இதற்கு எதுவும் கைகொடுக்கவில்லை. "தெரியல அத்தே" என்றாள். செங்கம்மாள் அவளையே பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை அவளும் மணவாளனும் சென்னையில் காண்டிராக்டர் ஆபீசுக்குப் போனார்கள். இருந்த ஒரே ஆள், "லிஸ்ட் வந்துக்கினு கீதுங்க, எங்களுக்கும் லைன் கெடைக்கல" என்றார். தூதரக எண்ணுக்குப் போன் செய்தபோது பெயரை எழுதிக்கொண்டார்கள். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையும் சொன்னாள். திங்கட்கிழமை வேறொருவர் எடுத்தார், மறுபடியும் சொன்னாள்.

மணவாளன் போனில் வீடியோ பார்த்துக்கொண்டே இருந்தான். சாய்ந்த கோபுரங்கள், அப்பளமாக அடுக்கிய மாடிகள், கையால் கல்லை எடுத்துப் போடுகிற மனிதர்கள். ஒவ்வொன்றையும் நிறுத்தி, பெரிதாக்கி, கவிப்பிரியாவிடம் நீட்டுவான். "இது அவன் சட்டை மாதிரி இல்ல?" அவள் பார்த்துவிட்டு இல்லை என்பாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. பெரிய அதிர்வுக்குப் பின்னால் சின்ன அதிர்வுகள் வருவதை உலகமெங்கும் இருக்கிற கருவிகள் பதிவு செய்து இணையத்தில் ஏற்றிக்கொண்டேயிருந்தன. நாலு புள்ளி ஏழு. நாலு புள்ளி இரண்டு. ஐந்து புள்ளி ஒன்று. நகர்ந்த நிலம் புது இடத்தில் உட்கார்ந்து பழகுவதற்காக உதறிக்கொள்கிறது. ஒவ்வொரு எண்ணையும் பார்க்கும்போது, ஏற்கெனவே சரிந்த தளம் ஒன்று இன்னும் ஒரு விரற்கடை இறங்குவதாக அவளுக்குத் தோன்றும். அந்த இணையப் பக்கத்தைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"தண்ணி இல்லாம ஒரு மனுசன் எத்தினி நாளு தாங்குவான்?" என்று மணவாளன் திங்கட்கிழமை சாயந்திரம் கேட்டான்.

அவளுக்கு அந்தக் கணக்கு தெரியும். "ஆளுக்கு ஆளு மாறும் மாமா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்குப் போனாள். வீட்டில் இருக்க முடியவில்லை. பராசரன் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார், அவள் கேட்கவில்லை. மேலிடத்துக்கு அனுப்பவேண்டிய அறிக்கையை அவரே தட்டுத் தடுமாறித் தயாரித்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து வாங்கி அவளே உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமைப் பதிவை எடுத்து, நீண்டு ஊர்ந்த பெரிய அலைகளை நீக்கிவிட்டுப் பார்த்தபோது, அவற்றுக்கு உள்ளே மறைந்து கிடந்த வேறொரு துள்ளல் தலையை நீட்டியது. பன்னிரண்டு மணி ஆறு நிமிடத்துக்கு இங்கே வந்து சேர்ந்தது. அப்படியானால் அங்கே, நம் நேரப்படி, பன்னிரண்டு இரண்டுக்குப் புறப்பட்டிருக்கும். அளவு ஆறு புள்ளி நாலு.

"இரண்டாவது அதிர்வு, முதல் அதிர்வுக்குப் பன்னிரண்டு நிமிடம் கழித்து" என்று அறிக்கையில் எழுதினாள். இரண்டு வரி தள்ளிக் கையெழுத்துப் போட்டாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவள் குப்பத்து வீட்டில் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நான் ராஜமாணிக்கம் பேசறேன். திருவாலங்காடு ராஜமாணிக்கம். அண்ணன்கூட வேல செய்யறவன். இன்னிக்கித்தான் லைன் கெடைச்சிது."

"சொல்லு."

"நாங்க நாலு பேரு நல்லாக்கீறோம் அண்ணி."

ஐந்து பேர் போனார்கள். நாலு என்று சொன்னபோதே மீதி தெரிந்துவிட்டது. ஆனாலும் ராஜமாணிக்கம் வாயால் சொல்லும்வரை காத்திருந்தாள். அவன் அழுதுவிட்டுத்தான் சொன்னான்.

"எப்படி?" என்று கேட்டாள்.

"அந்த பில்டிங்குலயே கீழ ரூம்பு குடுத்திருந்தாங்க இல்ல, அங்கதான் மதியம் துன்னுக்கினு இருந்தோம். ஆட ஆரம்பிச்சிது. அண்ணன்தான் கத்துனாரு. வெளிய ஓடுங்கடா, கவி சொல்லியிருக்குது, உள்ள நிக்கக் கூடாதுன்னு எங்கள ஒவ்வொருத்தரா நெட்டித் தள்ளுனாரு. அஞ்சு பேரும் ரோட்டுக்கு வந்துட்டோம் அண்ணி. ஒருத்தருக்கும் அடி இல்ல."

"அஞ்சு பேருமா?"

"அஞ்சு பேரும். பில்டிங்கு வெடிச்சிப் போயி நின்னுச்சி, வுழல. அண்ணன் எங்கள எண்ணிப் பாத்தாரு. ரோட்டுலயே குந்திக்கினு இருந்தோம். அப்பறமா, பாஸ்போட்டு எல்லாம் ரூம்புல பொட்டில கீதுடா, அது இல்லன்னா ஊருக்குப் போவ முடியாதுன்னாரு. எங்க எல்லாரோடதும் அவராண்டதான் இருந்துச்சி. ஆட்டம் நின்னுபோச்சி, ஒரு நிமிசத்துல வந்துட்றேன்னு உள்ள போனாரு. நாங்களும் போவாதன்னு சொல்லல அண்ணி. எங்களுக்கும் நின்னுபோச்சின்னுதான் தோணுச்சி."

"அப்புறம்?"

"மறுபடி ஆடிச்சி. முன்ன மாதிரி இல்ல, கொஞ்சமாத்தான். ஆனா பில்டிங்கு அப்படியே உக்காந்துடுச்சி."

"மொத ஆட்டத்துக்கும் அதுக்கும் எவ்ளோ நேரம்?"

"பத்து பன்னண்டு நிமிசம் இருக்கும். ஏன் அண்ணி?"

"ஒண்ணும் இல்ல" என்றாள் கவிப்பிரியா.

ஏழுமலையின் போன் ரூமில் சார்ஜில் கிடந்தது என்று ராஜமாணிக்கம் சொன்னான். இரண்டு தடவை யாரும் இல்லாத அறையில்தான் அது அடித்திருக்கிறது. அது அவன் கையில் இருந்திருந்தால் எடுத்திருப்பான். வெளியே நின்றுகொண்டு, சிரித்துக்கொண்டுகூட, நீ சொன்ன கோடு வுட்டுடுச்சி என்றிருப்பான். உள்ளே திரும்பிப் போகாதே என்று அவள் சொல்லியிருப்பாள். அவள் கூப்பிட்டது பன்னிரண்டுக்கு. சொல்ல இரண்டு நிமிடம் இருந்தது.

பெரிய அதிர்வுக்குப் பின்னால் இன்னொன்று வரும். எப்போது வரும், எவ்வளவு பெரிதாக வரும் என்பதைத்தான் சொல்ல முடியாது. முதலாண்டுப் பிள்ளைகள் ஆய்வகத்துக்கு வரும்போதெல்லாம் அவள் சொல்கிற வாக்கியம் அது. அவனிடம் அதைச் சொல்லவில்லை. கிளம்புகிற நாள் காலையில், பஸ் ஸ்டாண்டில், அவசரத்தில், ஆடினால் வெளியே ஓடிவிடு என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவன் அதைக் காதில் வாங்கினானா என்றுகூட அன்றைக்குத் தெரியவில்லை. வாங்கியிருக்கிறான். சொன்னதை அப்படியே செய்திருக்கிறான்.

மணவாளனிடமும் செங்கம்மாளிடமும் அவள்தான் சொன்னாள். எதையும் குறைக்காமல் சொன்னாள். மணவாளன் சுவரில் குத்தினான். "பாஸ்போட்டுக்கா போனான்? அந்த அட்டைக்கா?" என்று கத்திக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தான். போட் வரைக்கும் போய் அதன்மேல் சாய்ந்து நின்றான். யாரும் கிட்டே போகவில்லை.

செங்கம்மாள் அழவில்லை.

"மறுபடி ஆடும்னு அவனுக்குத் தெரியாதா?"

"தெரியாது அத்தே."

"உனக்கு?"

"தெரியும்."

"நீ சொல்லலையா?"

"சொல்லல அத்தே."

அவ்வளவுதான். செங்கம்மாள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மூலையில் சுருண்டு படுத்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் உள்ளே வந்தார்கள். கவிப்பிரியா எழுந்து அவர்களுக்கு வழி விட்டாள்.

உடலை எட்டாம் நாள் எடுத்தார்கள். வெயில் காலம். ஊருக்கு அனுப்புகிற நிலையில் இல்லை என்று தூதரகத்திலிருந்து சொன்னார்கள். அங்கேயே தமிழர்கள் பார்த்துக்கொள்ளும் ஒரு சுடுகாட்டில், நாலு பேரும் சேர்ந்து எரித்தார்கள். ராஜமாணிக்கம் வீடியோ காலில் காட்டினான். லைன் விட்டு விட்டு வந்தது. மணவாளன் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான், கை ஆடியதால் படமும் ஆடியது. செங்கம்மாள், "நேராப் புடிடா" என்றாள். கொள்ளி வைக்கிற நேரத்தில் படம் உறைந்து போயிற்று. மறுபடி வந்தபோது புகை மட்டும் இருந்தது.

மூன்றாவது வாரம் நாலு பேரும் சென்னைக்கு வந்தார்கள். தூதரகத்தில் ஆளுக்கொரு தாளில் போட்டோ ஒட்டி முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள். அதை வைத்தே விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். பாஸ்போர்ட் யாரும் கேட்கவில்லை. ராஜமாணிக்கம் குப்பத்துக்கு வந்து செங்கம்மாள் காலைத் தொட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினான். ஏன் காட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. செங்கம்மாள் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

கவிப்பிரியா வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். பராசரன் அந்த அறிக்கையைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் மட்டும், "எனக்கும் ஒண்ணும் புரியலம்மா. முப்பது வருஷமா இதையே சொல்லிக் குடுக்கறேன்" என்று ஆரம்பித்தார். மேலே போகத் தெரியாமல் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

வீட்டில் செங்கம்மாள் அவளோடு பேச்சைக் குறைத்திருந்தாள். சோறு போட்டு வைப்பாள். தண்ணி வந்துட்சி, துணி எடு, இவ்வளவுதான். அம்மா வீட்டுக்குக் கொஞ்ச நாள் போய் இரு என்று மணவாளன் சொன்னான். போகலாமா என்று கவிப்பிரியாவும் நினைத்தாள். எங்கே போனாலும் தான்தானே கூடப் போகவேண்டும் என்று விட்டுவிட்டாள்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மார்க்கெட்டுக்கு எடுத்துப்போக இறால் ஒரு கூடை வந்திருந்தது. கவிப்பிரியா உட்கார்ந்து தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். செங்கம்மாள் வந்து எதிரில் குந்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கிள்ளினாள். பிறகு கூடையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கி காலைல எனக்குப் போன் பண்ணான்."

கவிப்பிரியாவின் கை நின்றது. "எந்த அன்னிக்கி?"

"அந்த வெள்ளிக்கெயமதான். ஒரு ஒம்போது மணி இருக்கும். மார்க்கெட்டுல ஆளு நின்னுக்கினு இருந்துச்சி, நான் எறா நிறுத்துக்கினு இருந்தேன். எம்மா, இன்னா மீனு வந்துகீதுன்னு கேட்டான். வேலையாக் கீறேன், அப்பறமா பேசுடான்னு வச்சிட்டேன்."

கவிப்பிரியா கையிலிருந்த இறாலைக் கூடையில் போட்டாள்.

"யாராண்டயும் சொல்லல" என்றாள் செங்கம்மாள். "மணவாளனாண்டகூட சொல்லல."

கவிப்பிரியா ஏதாவது சொல்ல நினைத்தாள். பேசியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது அத்தே என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை அவளிடமே பராசரன் சொன்னார், மணவாளன் சொன்னான், ராஜமாணிக்கம் அழுதுகொண்டே சொன்னான். அதில் ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. அதனால் சொல்லவில்லை. மாமியார் மன்னித்துவிட்டுச் சொல்கிறாளா, இல்லை தாங்க முடியாமல் சொல்கிறாளா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

"வெயிலு ஏறிக்கினு கீது" என்றாள் செங்கம்மாள். "ஐஸு போடு. கெட்டுப்புடும்."

கவிப்பிரியா எழுந்து போய் ஐஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் மீதி இறாலையும் கிள்ளி முடித்தார்கள்.